ஆறடி விறாந்தையும் ஒரு பேராசிரியரும்

ஆடி 27, ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணை, நான் மொறட்டுவையில் கட்டடக்கலை இரண்டாம் வருடம். கிறிஸ்தோபர் அலெக்சாண்டரைப் பற்றி விரிவுரையாளர் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். தேடி வாசித்தேன். நாற்பது வருடம் பேராசிரியராக இருந்தவரை அவருடைய துறைக்காரர் கணக்கெடுக்கவில்லை, கணினிக்காரர்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கட்டியதும் குறைவு. எழுதி எழுதியே தோற்ற ஆள் என்பது என் முடிவு. யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாக வீட்டுக்குப் பிளான் கீறுகிற உங்களுக்கு அவரால் ஒரு சதத்துப் பிரயோசனம் உண்டோ?"

ஆடி 27, இரவு

கட்டியது குறைவு என்பது பிழை. வரைகிறவராகவும் ஒப்பந்தகாரராகவும் தானே நின்று நூறுக்கு மேல் கட்டியிருக்கிறார். மற்றதெல்லாம் பாதி சரி.

வாழ்க்கைக் குறிப்பைக் கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். 1936இல் வியன்னாவில் பிறந்தவர். 38இல் நாசிகள் ஒஸ்திரியாவுக்குள் வந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை, பிறகு கணிதம். அடுத்து ஹாவார்டில் கலாநிதிப் பட்டம். அங்கே கட்டடக்கலைக்கென்று கொடுக்கப்பட்ட முதல் கலாநிதிப் பட்டம் அவருடையதுதான். 1963இலிருந்து பெர்க்லியில் படிப்பித்தார். 67இல் சொந்தமாக ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். 72இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் ஆராய்ச்சிக்கென்று ஒரு பதக்கத்தை முதன்முதலாக உருவாக்கி அவருக்குக் கொடுத்தது. 77இல் A Pattern Language என்ற அந்தத் தடித்த புத்தகம் வந்தது. வீட்டுக்கும் ஊருக்கும் பொருந்துகிற ஒழுங்குகளைத் தனித்தனியாகப் பேரும் இலக்கமும் வைத்துச் சொல்கிற 253 பற்றேண்கள் (pattern) அதில் இருக்கு. 2022 பங்குனியில், அதாவது மார்ச்சில், இங்கிலாந்தில் 85 வயதில் காலமானார்.

பதக்கம் கொடுத்தவர்களே பிறகு திரும்பிப் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லவருவது விளங்குகிறது. ஆனால் எனக்கு அவர் அறிமுகமானது விரிவுரையில் இல்லை. சமாதானக் காலத்தில் இங்கே வேலைசெய்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் விட்டுச்சென்ற பழைய கடதாசிப் பெட்டிக்குள் ஒரு போட்டோக்கொப்பிக் கட்டு இருந்தது. முன்பக்கமும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. 100ஆவது பற்றேணுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி 250க்குக் கிட்ட நின்றுவிடும். எழுதியது யார் என்று தெரியாமலே இரண்டு வருடம் அதை வாசித்தேன். ஆணா பெண்ணா, இருக்கிறாரா செத்தாரா, ஒன்றும் தெரியாது. ஆரோ எங்கட ஊர்ப் பெரியாள் இங்கிலீசில் எழுதிவைத்த மாதிரி இருந்தது. படலை, திண்ணை, வாசலில் இருக்கை, வீட்டுக்கு முன்னால் நிற்கிற மரம் என்று அப்படியே போகும்.

பிரயோசனம் உண்டோ என்றால், ஒரு விறாந்தையில் நான் விட்ட பிழையிலிருந்து தொடங்கவேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆடி 29

நாளைக்கு என்றேன், மறந்துபோனேன். திருவிழாக் காலம், றோட்டெல்லாம் அடைப்பு.

ஒரு திருத்தம். நான் எழுதிய ஒழுங்கைப் பார்த்தால் கட்டடக்கலைஞருக்குக் கணிதத்தில் ஆசை வந்தது போலத் தெரியும். அது மற்றப் பக்கம். ட்றினிற்றிக் கல்லூரிக்குள் போனதே இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் கிடைத்த புலமைப்பரிசிலில். கணிதமூளை உள்ள ஆள்தான் வீட்டுப் பக்கம் வந்தார். அது தெரியாவிட்டால் அவருடைய முதல் ஆராய்ச்சி ஏன் அப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று விளங்காது.

ஆடி 31

அந்த முதல் ஆராய்ச்சி, 1964இல் புத்தகமாக வந்தது. ஒரு பொருளை வடிவமைப்பது என்றால் எங்கெங்கே பொருந்தாமல் இடிக்கிறதோ அந்த இடிப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பது என்பது அவருடைய கணக்கு. உதாரணத்துக்கு அவர் எடுத்தது இந்தியாவில் 600 பேர் இருக்கிற ஒரு விவசாயக் கிராமம். அந்தக் கிராமத்துக்கு என்னென்ன தேவை என்று 141 விஷயங்களை எழுதி, எது எதோடு முட்டுகிறது என்று கோடு போட்டு, அறை முழுக்க இடம் பிடிக்கிற அந்தக் காலத்து ஐபிஎம் இயந்திரத்தில் போட்டுக் கொத்துக் கொத்தாகப் பிரித்தார். ஆள் சும்மா அறைக்குள் இருந்து கணக்குப் போடவில்லை, குஜராத்தில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்து சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றும் கட்டியவர்.

அந்த 141இல் மூன்றாவது என்ன தெரியுமோ? வீட்டு வாசல் தெற்கே பார்க்கக்கூடாது என்ற விதி. ஹாவார்டில் ஒருவர் அதைக் கணினிக்குள் போட்டிருக்கிறார். இங்கே நான் ஒரு பிளானோடு போனால் வீட்டுக்காரர் பிளானை விரிக்க முன்னமே நிலையம் எடுக்கிற, அதாவது வாஸ்து பார்க்கிற, ஐயாவுக்குக் கோல் எடுப்பார்.

நானும் ஒருக்கால் செய்து பார்த்தேன். அம்மாவின் குசினிக்கு என்னென்ன வேணும் என்று கொப்பியில் எழுதினேன். புகை போக வழி, திருவலை வைக்க மூலை, மீன் வெட்ட வெளியே ஒரு கல்லு, அரிசி மாவு காயவிட வெயில், பூனை வராத இறாக்கை... 38 வந்தது. இரவிரவாக இருந்து கோடு போட்டு, நாலு கொத்தாகப் பிரித்து, அம்மாவிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கிணத்தடி தெரியவேணும் எண்டு எழுதேல்லையே. பிள்ளையள் கிணத்தடியில நிக்கிறது அடுப்படியில இருந்து தெரியவேணும்" என்றா.

அது 39ஆவது. மற்ற 38ஐயும் தூக்கி எறிந்தாலும் அது ஒன்றை எறிய ஏலாது. பேராசிரியருக்கும் இதுதான் நடந்தது போல. கொஞ்ச வருடத்தில் அந்த இயந்திரக் கணக்கைத் தானே கைவிட்டுவிட்டார். பொருந்துகிற ஒவ்வொரு சின்ன ஒழுங்கையும் தனித்தனியாகப் பேர் வைத்து எழுதினால் போதும், கணினி தேவையில்லை என்ற இடத்துக்கு வந்தார். பற்றேண் பிறந்தது அங்கேதான்.

ஆவணி 2

சரி, விறாந்தைக் கதை.

167ஆவது பற்றேண். ஆறடிக்குக் குறைந்த ஆழத்தில் பல்கணியோ விறாந்தையோ வைத்தால் அநேகமாக ஒருவரும் அதைப் பாவிக்கமாட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று பேர் கதிரையைப் போட்டு, நடுவில் ஒரு சின்ன மேசையும் வைத்து, காலை நீட்ட ஆறடி வேணும். நாலடி என்றால் எல்லாரும் வரிசையாக றோட்டைப் பார்த்து பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருக்கவேண்டிவரும்.

இதை நான் வாசித்திருந்தேன். வாசித்த பிறகும் 2013இல் வலிகாமத்தில் ஒரு குடும்பத்துக்கு நாலடி விறாந்தை கீறிக் கொடுத்தேன். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார், ஹோல் பெரிசாக வேணும், போட்டிக்கோ வேணும், மேலே ஒரு அறையும் வேணும். காசு எங்கேயோ இடிக்கிறது. எங்கே வெட்டலாம் என்று பார்த்தால் விறாந்தைதான் வாயில்லாத பிள்ளை, அதில்தான் கைவைத்தோம். இரண்டடியைக் கழித்து ஹோலுக்குள் விட்டேன். குடிபூரலுக்குப் போனபோது அந்த விறாந்தையில் நாற்பது சோடிச் செருப்பு கிடந்தது. அடுத்த வருடம் போனபோதும் செருப்புத்தான். ஹோலில் பெரிய செற்றி, பொலித்தீன் கழற்றாமல். மனிசர் எல்லாரும் பின்பக்கம் கிணத்துக்கட்டில்.

இருபத்தைந்து அடி ஹோலில் ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தும் கீறினேன் என்பதுதான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வந்தது.

ஆவணி 3

நேற்று எழுதினதும் மனம் கேட்கவில்லை. காலையில் ரேப்பை எடுத்துக்கொண்டு உடுவிலுக்கு, அம்மம்மாவின் வளவுக்குப் போனேன். 95 இடப்பெயர்வுக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, சிலாகையும் இல்லை, நிலையும் கதவும் கழற்றிப் போய்விட்டது. தலைவாசலும் திண்ணையும் மட்டும் ஆலங்கன்று முளைத்து நிற்கின்றன. கட்டுக்கல்லும் சுண்ணாம்பும், அது அசையாது.

தலைவாசல் விறாந்தை ஆறடி ஒன்பது அங்குலம். பார்த்தீர்களோ என்று எழுதத்தான் வந்தேன்.

ஆவணி 3, பின்னேரம்

பிழை. சுவர்க் கனத்தையும் சேர்த்து அளந்துவிட்டேன். பழைய சுவர் ஒன்றரை அடிக்குக் கிட்ட. கழித்தால் ஐந்தடி நாலு அங்குலம். பேராசிரியரின் கணக்குப்படி அந்த விறாந்தையை ஒருவரும் பாவித்திருக்கக்கூடாது. ஆனால் என் சின்ன வயதில் அந்த வீட்டில் ஆட்கள் இருந்து கதைத்த ஒரே இடம் அதுதான்.

யோசித்தேன். அந்த நாளில் கதிரை இல்லை. பாயில், திண்ணையில், சுவரோடு சாய்ந்து, காலை மடக்கி. கதிரையில் இருக்கிற உடம்புக்கு ஆறடி, சம்மணம் கட்டுகிற உடம்புக்கு ஐந்து போதும். ஆகவே ஆறு என்ற இலக்கத்தைப் பிடித்துத் தொங்கவேண்டாம், உங்கள் ஊர் உடம்பு எப்படி இருக்கிறது என்று அளக்கவேண்டும். இப்போது எங்கள் ஊரில் பிளாஸ்ரிக் கதிரை இல்லாத வீடு இல்லை, முழங்கால் நோகாத கிழமும் இல்லை. அதனால் ஆறு.

ஆவணி 9

"வெயில் நாட்டில் இருந்துகொண்டு வெளிச்சத்தைத் தேடுகிற அமெரிக்கப் புத்தகத்தை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. நியாயமான கேள்வி.

105ஆவதில் வெளிமுற்றம் வீட்டுக்குத் தெற்கே இருக்கவேணும், வெயில் படவேணும் என்கிறார். பெர்க்லிக்குச் சரி, இங்கிலாந்துக்கு இரட்டிப்பாகச் சரி. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் குறைவான இடத்தில். சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலிருந்து ஆவணி (ஓகஸ்ற்) கடைசி வரைக்கும் மத்தியான வெயில் எங்களுக்கு வடக்குப் பக்கம்தான் சாயும். வீட்டுச் சுவர் நாலு பக்கமும் வருடத்தில் ஒரு முறையாவது சுடுபடும். எங்களுக்கு வெளிமுற்றம் என்றால் மாமரத்துக்குக் கீழே, வேப்பமரத்துக்குக் கீழே. திசை இரண்டாவது.

159 வேறு கதை. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்தால் வெளிச்சம் வரவேணும், ஒரு பக்கத்தால் மட்டும் வெளிச்சம் வருகிற அறையை மனிசர் தாங்களாகவே விட்டு விலகுவார்கள் என்பது. இதற்கு அவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார். அதைச் சொல்லவேண்டும்: ஒவ்வொரு பற்றேணுக்கும் பக்கத்தில் இரண்டு நட்சத்திரமோ ஒன்றோ இருக்கும், சிலதுக்கு ஒன்றும் இராது. இரண்டு என்றால் இது அடிப்படையான உண்மை என்று நம்புகிறோம். ஒன்று என்றால் கிட்ட வந்திருக்கிறோம். வெறுமை என்றால் இன்னும் பிடிபடவில்லை, நீங்கள் பாருங்கள். எங்கள் வாஸ்துக்காரர் ஒருவராவது இப்படி நட்சத்திரம் போட்டு ஒரு விதியைச் சொல்லி நான் காணவில்லை.

இங்கே 159ஐ வெளிச்சம் என்று வாசியாமல் காற்று என்று வாசியுங்கள். சோளகம் தென்மேற்கால் வரும், வாடை வடகிழக்கால் வரும். இரண்டு பக்கம் யன்னல் உள்ள அறைக்குள் சோளகம் நுழைந்து வெளியே போகும். ஒரு பக்கம் என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நாற்சார் வீட்டில் நடுமுற்றம் இருந்ததால் எந்த அறைக்கும் ஒரு பக்கம் வெளி, ஒரு பக்கம் முற்றம். எங்கட ஆட்கள் 159ஐக் கட்டிவிட்டு இலக்கம் போட மறந்துவிட்டார்கள்.

ஆவணி 10

மேலே எழுதினதைத் தம்பி ஒருவர் பகிர்ந்து "அலெக்சாண்டருக்கு முன்பே யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்துவிட்டான்" என்று போட்டிருக்கிறார். ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை. மனிசர் எங்கேயும் கண்டதைத்தான் தொகுக்கிறேன் என்று அவரே சொல்கிறார். அதோடு நாற்சார் வீட்டை விட்டதும் நாங்கள்தான். வளவைச் சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பாக்கிய பிறகு நடுமுற்றத்துக்கு எங்கே போவது?

ஆவணி 13

பற்றேண் என்பதற்குத் தமிழ் என்ன என்று ஒருவர் கேட்டார். "வார்ப்பு" என்று முதலில் நினைத்தேன், அது சட்டியைத்தான் நினைவுபடுத்துகிறது. "வடிவம்" மெத்தப் பொது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்து இன்று குளிக்கும்போது வந்தது: வழமை. எங்கட ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையில் வருகிற அதே வழமை. ஊர் செய்து செய்து சரிவந்த ஒழுங்கு. 1707இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட ஆட்களிடம் கேட்டுக் கேட்டுத் தேசவழமையை எழுதிய மாதிரி, அலெக்சாண்டர் வீட்டின் வழமைகளைத் தொகுத்தார். நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று மிச்ச நாள் முழுக்கச் சந்தோசம்.

ஆவணி 14

சந்தோசம் ஒரு நாள்தான்.

தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் பகுதி உண்டு. யார் அடிமை, அடிமையின் பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று. அதுவும் வழமைதான். இரவு திரும்ப அந்த 141ஐ எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதைச் சொன்னேனே, முதலாவதைச் சொல்லவில்லை. முதலாவது, ஹரிஜனங்கள் தீட்டு என்று கருதப்படுவது. கிராமத்துக்குப் பொருந்தவேண்டிய தேவைகளில் ஒன்றாக அதையும் கணக்குக்குள் போட்டிருக்கிறார். இருப்பதை அப்படியே எழுதினார் என்று சொல்லலாம். ஆனால் இருப்பதற்குப் பொருந்தக் கட்டினால் அது இன்னும் ஐம்பது வருடத்துக்கு இருக்கும்.

அம்மம்மாவின் திண்ணையைப் பற்றி உருகி உருகி எழுதினேன். அந்தத் திண்ணையில் எல்லாரும் இருக்கவில்லை. பனையேற வருகிற ஐயா படலைக்குள் வந்து முற்றத்தில்தான் நிற்பார். அவருக்குத் தண்ணீர் வேறு பாத்திரத்தில். ஐந்தடி நாலு அங்குலம் அகலத்தை அளந்தேன், திண்ணையின் உயரத்தைச் சொல்லவில்லை. முற்றத்திலிருந்து இரண்டேகால் அடி. நிற்கிற மனிசரும் இருக்கிற மனிசரும் ஆளையாள் எப்படிப் பார்க்கவேணும் என்பதை அந்தச் சுவர் முடிவுசெய்தது.

எனக்கு இதற்குப் பதில் கைவசம் இல்லை. இப்போது யாராவது திண்ணை கேட்டால் ஒன்றேகால் அடிக்கு மேல் கீறுவதில்லை. முழங்கால் நோவுக்காரருக்குக் கொஞ்சம் பதிவு என்று முறைப்பாடு வருகிறது. வரட்டும்.

ஆவணி 17

இன்றைக்கு மெக்சிக்காலி. அவருடைய ஆராய்ச்சி முழுவதிலும் எனக்கு மிகக் கிட்டவான கதை இதுதான்.

1975, 76. மெக்சிக்கோவின் வடக்கு எல்லையில் முப்பது வீடு கட்டுவதாகத் திட்டம். ஐந்து குடும்பம், பெர்க்லி மாணவர், இவர். பிளான் கீறி வரவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தில் நின்று எங்கே வாசல், எங்கே படுக்கை என்று தானே தீர்மானித்தது, தானே கட்டியது. இடத்திலேயே கட்டுமானக் கொட்டில் போட்டு மண்ணும் சீமெந்தும் கலந்து கல் அரிந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 3,500 டொலர். ஐந்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுமுற்றம். ஐந்தோடு அரசாங்கம் கையை எடுத்துவிட்டது, மிச்சம் இருபத்தைந்து வரவேயில்லை.

சில வருடம் கழித்து ஆய்வாளர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்காரருக்குத் தங்கள் வீடு பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பொதுமுற்றத்தை ஒருவரும் பாவிக்கவில்லை. ஆளாளுக்கு வேலி போட்டுவிட்டார்கள்.

இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐயா பேராசிரியரே, எங்கட ஒழுங்கைக்கு ஒருக்கால் வந்திருந்தால் கதியாலும் கிடுகும் காட்டியிருப்போமே. வேலியை இரவில் அரை அடி நகர்த்தியதற்குக் கோட்டுப் படி ஏறின ஊர். ஆனால் வேலியில் பொட்டு, அதாவது ஓட்டை, வைத்து, அந்தப் பொட்டுக்குள்ளால் கறியும் குழம்பும் கைமாறிய ஊரும் இதுதான். பொதுமுற்றம் வேண்டாம், வேலியில் பொட்டு வேணும். 253இலும் இல்லாத ஒன்று. 254 என்று நாங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஆவணி 18

மெக்சிக்காலியை இந்திய வீட்டுத்திட்டத்தோடு ஒப்பிடச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒப்பிடலாம், பாதி வரைக்கும்.

போருக்குப் பிறகு இந்தியா காசு கொடுத்த 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 46,000. பெரும்பாலானவற்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், வீட்டுக்காரரின் கணக்குக்குக் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்தால் கொஞ்சம், லின்ரல் மட்டம் வந்தால் கொஞ்சம். மேசனைப் பிடிப்பதும் மணல் பறிப்பதும் வீட்டுக்காரர் பாடு. அந்த வகையில் அது அலெக்சாண்டர் கேட்டதுதான், காசும் முடிவும் குடியிருக்கிறவர் கையில். அதில் நான் மேற்பார்வைக்குப் போன வீடுகளில் கணவன் இல்லாத ஒரு அக்கா தானே மண்வெட்டி பிடித்து அத்திவாரம் வெட்டினா. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றவும் அவதான். இன்றைக்கும் எந்தக் கல்லு எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லுவா.

ஆனால் பிளான் வெளியால் வந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. வாசலை மாற்றலாமோ என்று கேட்டால் அடுத்த கட்டக் காசு நின்றுவிடும் என்ற பயம். மெக்சிக்காலியில் இருந்தது அந்தப் பயமின்மை. அவ்வளவு வித்தியாசம்தான், ஆனால் பெரிய வித்தியாசம்.

அதற்குப் பிறகு 65,000 இரும்பு வீடு என்று ஒரு கதை வந்ததே, ஒன்று இருபத்தொரு இலட்சம் என்று. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அன்றைக்கு அதே காசில் எங்கட மேசன்மார் இரண்டு கல்வீட்டுக்கு மேலே கட்டியிருப்பார்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

ஆவணி 22

நேற்றுத் தேர். காலில் கொப்புளம். இருந்த இடத்தில் ஒரு பட்டிமன்றக் கதை.

1982 கார்த்திகையில் ஹாவார்டில் அலெக்சாண்டரும் பீற்றர் ஐசன்மன் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். கட்டடம் மனிசனுக்குச் சுகமாக, இணக்கமாக இருக்கவேணும் என்றார் இவர். உலகமே குழம்பிப்போய்க் கிடக்கிறது, கட்டடம் அந்தப் பதற்றத்தைக் காட்டவேணும் என்றார் அவர். தம்பி, உங்கள் துறையில் அன்றைக்கு வென்றது ஐசன்மன். விரிவுரை அரை மணித்தியாலத்தில் முடிந்ததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

வாதத்தைத் தனியாக வாசித்தால் ஐசன்மன் சொல்வதிலும் ஒரு நேர்மை தெரியும். ஆனால் 82 கார்த்திகையில் எங்கட பொதுநூலகம் எப்படி நின்றது? 81 ஆனித் தொடக்கத்தில் 97,000 புத்தகத்தோடு எரிந்து, கரிபிடித்த சுவராக நின்றது. பதற்றத்தைக் காட்டுகிற கட்டடம் எங்களிடம் ஒன்று சும்மாவே இருந்தது, யாரும் வடிவமைக்கத் தேவைப்படவில்லை. திரும்பக் கட்டும்போது எரிந்ததை அப்படியே நினைவுச்சின்னமாக விடுவதா, பழையபடி கட்டுவதா என்று ஊர் பிரிந்து கதைத்தது. கடைசியில் முதல் கட்டடக்கலைஞர் நரசிம்மன் கீறிய அதே பழைய முகத்தோடு நிற்கிறது. நான் அன்றைக்கு விடுங்கள் என்ற கட்சி. இப்போது படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்து ஐஸ்பழம் குடிக்கிறதைப் பார்க்கும்போது கட்சி மாறிவிட்டேன்.

ஆவணி 30

அலெக்சாண்டர் யப்பானில், தோக்கியோவுக்குக் கிட்ட, எய்ஷின் என்ற பள்ளிக்கூட வளாகம் ஒன்று கட்டினார், 1985இல் முடிந்தது. இடம் தேயிலைத் தோட்டம். ஆசிரியர், மாணவர் எல்லாரையும் விசாரித்து அவர்களுடைய கனவை எழுதிக்கொண்டார். பிறகு மூங்கில் தடியில் நிறநிறமாகக் கொடி கட்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நட்டு, நடந்து நடந்து பார்த்துக் கட்டடத்தின் இடத்தைத் தீர்மானித்தார். கடதாசிப் பிளான் அதற்குப் பிறகுதான். பெரிய ஒப்பந்தக் கம்பனிகளோடு மல்லுக்கட்டி முடித்த கதையைப் பிறகு தனிப் புத்தகமாக எழுதினார்.

போன கிழமை செய்து பார்த்தேன். கோண்டாவில் பக்கம், இரண்டு பரப்புக் காணி, இளம் தம்பதி. கிளுவங்கதியால் முப்பது வெட்டி, பழைய சீலையைக் கிழித்துக் கட்டினேன். சிவப்பு அறை, மஞ்சள் குசினி, பச்சை விறாந்தை. மேசன் அண்ணை பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, காவடியோ?" என்றார். நட்டு முடிய அந்தப் பிள்ளை மஞ்சளுக்குள் போய் நின்றா. அடுப்பு வைக்கிற மாதிரி கையை வைத்தா. நிமிர்ந்து பார்த்தா. பக்கத்து வீட்டுக் குளியலறை யன்னல் நேரே முன்னால்.

பிளானில் அந்த யன்னல் இல்லை. என் பிளானில் எல்லைக்கோட்டுக்கு அங்கால் உலகமே இல்லை. நாலு தடியைப் பிடுங்கி ஐந்தடி கிழக்கே நகர்த்தினோம், மாமரத்தின் கிளை வந்தது, கிணறும் தெரிந்தது. அம்மாவின் 39. கணவர் விறாந்தைக்குள் கதிரையைப் போட்டு இருந்து பார்த்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, தானாகவே "இன்னும் ஒரு அடி தாங்கோ" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

மேசன் அண்ணை கடைசியில் சொன்னது: அவருடைய அப்பு காலத்தில் பிளானே இல்லையாம். நூலும் முளையும்தான். வீட்டுக்கார அம்மா நடந்து காட்ட, பின்னால் முளை அடிப்பார்களாம்.

புரட்டாதி 4

அவசரப்பட்டுப் புளுகிவிட்டேன். நிலையம் எடுக்கிற ஐயா வந்து மஞ்சளைத் தென்கிழக்குக்குத் தள்ளினார். அதில் பாதகமில்லை, யன்னல் இன்னும் மறைவுதான். ஆனால் வங்கிக் கடனுக்கும் அனுமதிக்கும் அளவு போட்ட பிளான் முதலில் வேணும், ஒருக்கால் ஒப்பம் விழுந்தால் தடியை நகர்த்த ஏலாது. தடி நட்டுப் பார்க்கிற நேரத்துக்கு யாரும் காசு தருவதுமில்லை. அந்த நாளுக்கு நான் பெற்றோல் காசுகூட எடுக்கவில்லை. பேராசிரியருக்குப் பெர்க்லிச் சம்பளம் இருந்தது. இதை அவருடைய ஆராய்ச்சியின் குறை என்று சொல்வதா, உலகத்தின் குறை என்று சொல்வதா தெரியவில்லை. அவர் உலகத்தைத்தான் குற்றம் சொன்னார், கடைசிவரைக்கும், கொஞ்சம் கூடுதலாகவே.

புரட்டாதி 7

கணினிக்காரர் கொண்டாட்டம் பற்றித் தம்பி எழுதியதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என் மருமகன் மென்பொருள் வேலை. "பற்றேண்" என்றதும் அவன் கண் விரிந்தது. 1994இல் நாலு பேர் மென்பொருள் பற்றேண்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் அவனுக்கு வேதம், விக்கியைக் கண்டுபிடித்த மனிசனும் இந்தப் பற்றேண் கூட்டத்தில் இருந்துதான் வந்தவராம். எல்லாம் சரியாகச் சொன்னான். "அந்த அலெக்சாண்டர் எந்தக் கம்பனி மாமா?" என்றும் கேட்டான்.

96இல் கணினிக்காரரே அலெக்சாண்டரை மேடைக்குக் கூப்பிட்டபோது, உங்கள் பற்றேண்களால் உங்கள் வேலை உண்மையில் உயிருள்ளதாக மாறியதோ என்ற மாதிரித்தான் கேட்டாராம். கலியாண வீட்டுக்குக் கூப்பிட, சோறு வெந்ததோ என்று கேட்கிற பெரியப்பா.

புரட்டாதி 21

தம்பி திரும்ப எழுதியிருக்கிறார், "அப்ப தோற்றாரா இல்லையா, ஒரு வரியில் சொல்லுங்கோ" என்று. பரீட்சைக்குக் கேட்கிறார் போல. ஒரு வரி வராது.

நேற்று அந்த வலிகாமத்து வீட்டுப் பக்கம் போகவேண்டி வந்தது, 2013, நாலடி விறாந்தை. தெருவில் நின்று வீட்டை மட்டுக்கட்டவில்லை. முன்னால் இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, பத்தி ஒன்று இறக்கியிருக்கிறார்கள். கீழே சிவப்புச் சீமெந்து. ஹோலில் இருந்த செற்றி அதற்குள் வந்துவிட்டது, பொலித்தீன் இல்லை. ஐயா ஒரு முனையில் பேப்பரோடு, அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டு, பேரப்பிள்ளை காலுக்குக் கீழே. நான் ஏற்கெனவே ரேப்பை எடுத்துவிட்டேன். சுவரிலிருந்து குழாய் வரைக்கும் ஏழடி இரண்டு அங்குலம்.

அம்மா சுளகை வைத்துவிட்டு எழும்பிவிட்டா.

"ஏன் தம்பி அளக்கிறியள்? இதுக்கும் பிளான் கீறவேணுமோ?"